மருந்து என்று எழுதிய பாட்டில்

போன மாதம் என் பழைய இலாகாவிலிருந்து ஓர் இளைஞர் கடிதம் போட்டிருந்தார். பொதுமக்களைக் கொண்டு எறும்பு சேகரிக்கும் வேலையை மறுபடி ஆரம்பிக்கப் போகிறார்களாம். நாற்பதுகளில் திருத்தணியில் அந்த வேலையைப் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருவன்தானாம். ஆகவே என் அனுபவங்களை இலாகா வெளியிடும் மலருக்காக 'சுவையாக நாலு பக்கம்' எழுதித் தர வேண்டுமாம். கூடவே, தொண்டர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவர்கள் தயாரித்திருக்கும் குறிப்புகளையும் என் பார்வைக்கு வைத்திருந்தார். ஐந்தாவது குறிப்பு இது: 'குப்பியில் இருப்பது பாதுகாப்புத் திரவம் என்று சொன்னால் போதும். விவரம் கூறிப் பொதுமக்களைக் குழப்ப வேண்டாம்.'

படித்ததும் காகிதத்தைக் கிழித்துப்போடக் கை பரபரத்தது. பாதுகாப்புத் திரவமாம்! விவரம் சொன்னால் குழம்பிவிடுவார்களாம்! எனக்கு எழுபத்து மூன்று வயது. ரத்தக்கொதிப்பு இருக்கிறது, கோபப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது இருக்கட்டும். இளைஞர் கேட்டுவிட்டார், எழுதுகிறேன். சுவையாக இருக்குமா என்பது என் கவலை இல்லை. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

எனக்கு ஊர் மணவூர். வேர்க்கடலையும் கேழ்வரகும் போட்ட குடும்பம். பள்ளிப் படிப்பை முடித்ததும், யுத்த காலத்தில், சென்னையில் பூச்சி ஆராய்ச்சி செய்யும் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் பீல்டுமேனாகச் சேர்ந்தேன். நாலு மாதம் பயிற்சி. எறும்புக்கு இடுப்பு எங்கே, அந்த இடுப்பில் கணு ஒன்றா இரண்டா, மீசையில் எத்தனை துண்டு என்று எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்டேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

எங்கள் ஆபீசரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பெயர் வேண்டாம், பேரன் பேத்திகள் இருப்பார்கள். கெட்டிக்காரர், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவர் அறைக்குள் போனால் நிமிர்ந்து பார்க்கமாட்டார். கையில் இருக்கும் எறும்பின் வேலையை முடித்து, அதைப் பிடித்திருந்த சாமணத்தைப் பஞ்சில் துடைத்து, உறையில் போட்டு மூடி, அதற்குப் பிறகுதான் "ம்" என்பார். அந்த "ம்" வருவதற்குள் நாம் சொல்ல வந்த விஷயம் நமக்கே அற்பமாகத் தோன்றிவிடும். எந்த உத்தரவையும் எழுத்தில் தரமாட்டார். நாம் எதையாவது எழுதிக்கொண்டு போனால், வாசித்துவிட்டு மேஜை ஓரமாக வைத்து அதன்மேல் ஒரு கண்ணாடிக் குண்டை வைப்பார். பிறகு அந்தக் காகிதம் எங்கே போகும் என்று எவனுக்கும் தெரியாது. அந்த நாளில் இதையெல்லாம் பெரிய மனிதத் தோரணை என்று நினைத்தேன். மடையன்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் திருத்தணி வேலை ஆரம்பமானது. மாவுப்பூச்சியையும் அசுவினியையும் எறும்புகள் மாடு மேய்க்கிற மாதிரி மேய்க்கின்றன. செடியின் சாற்றை அவை உறிஞ்ச, அவை விடும் தேனை எறும்பு குடிக்கும். எந்த எறும்பு எந்த ஊரில், எந்தச் செடியில் இந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்தால் பயிரைக் காப்பாற்றலாம் என்பது ஆராய்ச்சி. நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் ஆபீஸில் ஆள் இல்லை. அதனால் ஊர்க்காரர்களையே சேகரிக்கச் சொல்வது என்று முடிவானது. மலையும் சமவெளியும் தோப்பும் கல்லாங்காடும் சேர்ந்தாற்போல் இருக்கும் இடம் என்று திருத்தணியைத் தேர்ந்தெடுத்தார்கள். மணவூர்க்காரன் என்று என்னை அனுப்பினார்கள்.

சேகரிப்பு முறையைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. மூன்று அங்குலக் கண்ணாடிக் குப்பி, தக்கை மூடி. பாதி வரைக்கும் ஸ்பிரிட், அதாவது சுத்தமான சாராயம். மெல்லிய பிரஷ்ஷை அதில் நனைத்து, சாரியில் போகும் எறும்பைத் தொட்டால் அது ஒட்டிக்கொண்டு வரும். ஒரு குப்பியில் ஒரே புற்றின் எறும்புகள்தான் இருக்க வேண்டும், சின்னதும் பெரியதுமாகப் பத்தாவது இருக்க வேண்டும். ஊர், தேதி, மரமா கல்லா சுவரா, பிடித்தவர் பெயர், இத்தனையையும் ஒரு சின்னச் சீட்டில் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். மை என்றால் கரைந்துவிடும். மறுநாள் அந்த ஸ்பிரிட்டைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், ஏனென்றால் எறும்பின் உடம்பு நீர் கலந்து அது நீர்த்துப்போயிருக்கும். இதற்காகத் தொண்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பாட்டில் தனியாகக் கொடுப்போம்.

முதல் மாதம் ஒரு குப்பிகூடத் திரும்பி வரவில்லை. நான் உண்மையைச் சொன்னதுதான் காரணம். மலைப்படியில் பூ விற்ற கன்னியம்மா குப்பியை வாங்கி மோந்து பார்த்து, இது இன்னா என்று கேட்டாள். ஸ்பிரிட் என்றேன். அப்படியென்றால் என்று கேட்டாள். சாராயம் மாதிரி என்றேன். "சாராயத்த மடியில கட்டிக்கினு முருகன் மலை ஏறச் சொல்றியா? நல்லாத்தான் கீது உன் சர்க்காரு" என்று குப்பியைப் படியில் வைத்துவிட்டாள். மொட்டை அடிக்கும் தொழிலாளர்கள் கையைக்கூட நீட்டவில்லை. ஆர்.கே.பேட்டையில் தறிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். மறுவாரம் போய்ப் பார்த்தால் எறும்பும் இல்லை, ஸ்பிரிட்டும் இல்லை, அவர் மட்டும் சந்தோஷமாக இருந்தார்.

சென்னைக்குப் போய்ச் சொன்னேன். ஆபீசர் எறும்பை முடித்து, சாமணத்தைத் துடைத்து, "ம்" என்றார். கேட்டுக்கொண்டார். பிறகு, "மருந்து என்று சொல்லுங்கள். பாட்டிலிலும் அப்படியே எழுதி ஒட்டுங்கள்" என்றார். ஒரு உத்தரவாகக் கொடுத்தால் நல்லது சார் என்று மெதுவாகக் கேட்டேன். "இதற்கெல்லாம் எதற்கு எழுத்து?" என்று அடுத்த எறும்பை எடுத்துவிட்டார்.

நான் திருத்தணிக்குத் திரும்பி, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, என் கையாலேயே 'மருந்து' 'மருந்து' என்று எழுதி ஒட்டினேன். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். கன்னியம்மா உட்பட; முன்னே கொடுத்தது வேறு, இது வேறு என்று அவளிடம் சொன்னேன். குப்பிகள் வந்து குவிய ஆரம்பித்தன. ஆபீசர் என்னைப் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்படி வாங்கிக்கொண்டவர்களில் ஒருவர் ஹயாத் பாஷா. கடைத்தெருவில் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர். நாற்பது வயதிருக்கும், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சைக்கிள் கேரியரில் கருவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, வாரத்தில் நாலு நாள் ஊர் ஊராகப் போவார். மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் அதிகம். அந்த எண்ணெய்க்கு எறும்பு வரும். ஊசித் தண்டுக்குள் எறும்பு செத்து அடைத்துக்கொண்டு மெஷின் நின்றுவிடும். அதைச் சுத்தம் செய்து செய்து, எந்த ஊரில் எந்த எறும்பு என்பது அவருக்கு மனப்பாடமாக இருந்தது. யாரும் கூப்பிடாமல் தாமாகவே என்னைத் தேடி வந்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் கைக்கு இணையான கையை எங்கள் ஆபீஸிலும் நான் பார்த்ததில்லை. ஒரு கால்கூட ஒடியாமல் எறும்பை எடுப்பார். அவருடைய சீட்டுகளை வாசித்தால் இடமே கண்ணுக்குத் தெரியும். 'ஆர்.கே.பேட்டை, தறிக்குழிப் பக்கம் சுவர் அடி, காலை வெயில் வருமுன்' என்று எழுதியிருப்பார். தமிழ் எழுத்து அவருக்குக் கோணல்மாணலாகத்தான் வரும். ஆனாலும் ஒரு விவரம் விடமாட்டார்.

முதல் நாள் குப்பியைக் கையில் கொடுத்தபோதே அவர் தக்கையைத் திறந்து மோந்தார். முகம் மாறியது. என்னை உட்காரவைத்துக் கேட்டார்.

"தம்பி, நான் அஞ்சு வேள தொழறவன். மோதியார் இல்லாதப்ப பள்ளிவாசல்ல பாங்கு சொல்றது நான்தான். இதுல சாராயம் எதுனா கலந்துக்கீதா? இருந்தா இப்பவே சொல்லிடு. நான் தொடமாட்டேன்."

"இல்ல பாய். மருந்து" என்றேன்.

"ஆங். அப்ப சரி. வெள்ளாமக்கார வூட்டுப் புள்ள, பொய் சொல்லமாட்டே" என்று குப்பியைப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

ஒன்றரை வருஷம். குப்பி குப்பியாகக் கொடுத்தார். எறும்பைப் பிடித்து, மறுநாள் பழையதைக் கொட்டி, அந்தப் பாட்டிலிலிருந்து புதியதை ஊற்றி, எல்லாவற்றையும் தம் கையாலேயே செய்தார். என்னோடு உட்கார்ந்து பூதக்கண்ணாடியில் பார்த்து, "இன்னா தம்பி, இதுக்கு இடுப்புல ரெண்டு முடிச்சு கீது?" என்று கேட்பார். ரம்ஜானுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்.

இதற்கிடையில் எங்கள் பக்கம் மதுவிலக்கு வந்துவிட்டது. அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஸ்பிரிட் வைத்திருக்க பர்மிட் வேண்டும் என்றார்கள். ஆபீசர் பர்மிட் வாங்கினார். எதற்கு? சென்னை ஆபீஸ் கட்டடத்துக்குள் வைத்துக்கொள்ள மட்டும். ஊரில் தொண்டர்கள் கையில் இருக்கும் பாட்டில்களுக்கு என்ன செய்வது என்று நான் இரண்டு முறை எழுதிக் கொண்டுபோனேன். இரண்டு காகிதமும் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் போயின. நானும் அதோடு விட்டுவிட்டேன். பாட்டில்களைத் திரும்ப வாங்கியிருக்கலாம். வாங்கினால் குப்பிகள் வராது, பாராட்டு வராது.

ஒரு நாள் முற்பகலில் பாஷா ஆர்.கே.பேட்டைப் பக்கமிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். கே.ஜி.கண்டிகையில் டீக்கடைக்கு எதிரே மதுவிலக்கு ஏட்டு ஒருவர் வண்டிகளைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததை டீக்கடைக்காரர் எனக்கு வரி பிசகாமல் சொன்னார். ஏட்டு கருவிப் பெட்டியைத் திறந்தார். குப்பிகள் இருந்தன. பாட்டில் இருந்தது. மோந்து பார்த்தார். பாட்டிலின் மேல் ஒட்டியிருந்ததையும் படித்தார். அந்த நாளில் திருட்டுச் சாராயம் கடத்துகிறவர்கள் பாட்டிலில் என்ன எழுதி ஒட்டுவார்கள் தெரியுமா? மருந்து என்றுதான். ஏட்டு அந்த மாதத்தில் மட்டும் அப்படிப் பல பாட்டில்களைப் பிடித்திருந்தார்.

"இன்னா மருந்து இது? யாருக்கு?" என்று ஏட்டு கேட்டிருக்கிறார்.

"எறும்புக்குங்க" என்றாராம் பாஷா.

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எறும்புக்குக் காய்ச்சலா பேதியா என்று ஏட்டு கேட்டாராம். பாஷா சர்க்கார் வேலை, சென்னை ஆபீஸ் என்று சொல்லிப் பார்த்தார். காகிதம் எங்கே என்று கேட்டார் ஏட்டு. காகிதம் ஏது? ஏட்டின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் பிடித்திருப்பேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரச்சொல்லி, திருத்தணிக் கடைத்தெரு வழியாக, பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்தபடி ஏட்டு முன்னால் நடக்க, பாஷாவைக் கூட்டிப் போனார்கள். அவர் கடையும் அந்தத் தெருவில்தான், பள்ளிவாசலும் அந்தத் தெருவில்தான்.

செய்தி கேட்டு ஓடினேன். என்னைக் கண்டதும் அவர் முகம் தெளிந்துவிட்டது. இதோ தம்பி வந்துட்டாரு, கேளுங்க என்று ஏட்டிடம் சொன்னார். பர்மிட் சென்னையில் இருக்கிறது, நாளைக்கே கொண்டுவருகிறேன் என்று நான் சொன்னேன். எந்தப் பர்மிட்? அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

ஆபீசர் எறும்பை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தார். நின்றேன். சாமணம் துடைக்கப்பட்டது. உறையில் போடப்பட்டது. "ம்."

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பதற்றப்பட்டதற்கு நான் கண்ட ஒரே அடையாளம் அதுதான். வெளியாருக்கு ஸ்பிரிட் கொடுத்ததாக ஒப்புக்கொண்டால் பர்மிட் ரத்தாகும், ஆராய்ச்சி நிற்கும் என்றார். பிறகு, "அவர் நம் ஆபீஸ் ஆள் இல்லையே" என்றார். ஒன்றரை வருஷம் எறும்பு கொடுக்கும்போது அவர் நம் ஆளாக இருந்தார், சார். சிறைக்குப் போகும்போது மட்டும் வெளியாளா? இதை நான் அவரிடம் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து இந்தக் காகிதத்தில் சொல்கிறேன். எப்பேர்ப்பட்ட வீரம் பாருங்கள்.

திருத்தணிக்குத் திரும்பக் கூடாது, சென்னையிலேயே இருந்து குப்பிகளை அடுக்க வேண்டும் என்று உத்தரவு. அதுவும் வாயால்தான். கோர்ட்டுக்கு ஒரு கடிதம் தயாரானது. 'இந்த அலுவலகம் வெளியார் எவருக்கும் ஸ்பிரிட் வழங்கவில்லை' என்று இருந்தது. அவர் வாழ்க்கையில் எழுத்தில் கொடுத்த ஒரே விஷயம் அந்தப் பொய்தான். அதைத் தபாலில் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அன்றிலிருந்து ஸ்டோர் அறையில் உட்கார்ந்து குப்பிகளை அடுக்கினேன். இரண்டு குப்பிக்கு ஒன்று பாஷாவுடையதாக இருந்தது. கண்ணாடி வழியாக அந்தக் கோணல் எழுத்து தெரியும். தோப்பு, கிணற்று மேடு, பள்ளிக்கூடச் சுவர், ஹயாத் பாஷா. இப்படியே பத்து நாள் அடுக்கினேன். சோறு இறங்கியது, தூக்கமும் வந்தது. வரவில்லை என்று எழுதினால் அது பொய்.

பத்தாம் நாள் மணவூரிலிருந்து என் சித்தப்பா வந்தார். ரயில்வேயில் கேங்மேன். அவரும் எங்களுக்கு எறும்பு பிடித்துக் கொடுத்தவர்தான். பாஷாவுக்கு ஜாமீன் கொடுக்கக் கடைத்தெருக்காரர்கள் இரண்டு பேர் போனார்களாம். பாஷா வேண்டாம் என்றாராம். ஜாமீனில் வெளியே வந்தால் ஏதோ தப்புப் பண்ணியவன் மாதிரி ஆகிவிடும், தம்பி சென்னைக்குப் போயிருக்கிறார், காகிதத்தோடு நாளைக்கு வந்துவிடுவார் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். பத்து நாளாக அதையே சொல்லிக்கொண்டு சப்-ஜெயிலில் உட்கார்ந்திருக்கிறாராம்.

"அந்த மன்ஷன் உன்ன நம்பிகினு உள்ள குந்திகினு கீறான். நீ இங்க இன்னாடா பண்ணிகினு கீற?" என்று கேட்டார் சித்தப்பா.

மறுநாள் விசாரணை. விடிந்ததும் ஸ்டோருக்குப் போனேன். பாஷாவின் குப்பிகளில் ஐந்தை எடுத்தேன். ஆபீஸ் வரிசை எண் சிவப்பு மையில் தக்கைமேல் எழுதியிருக்கும். துண்டில் சுற்றிக்கொண்டு ரயிலேறினேன். சர்க்கார் சொத்தைத் திருடினேன் என்று பின்னால் எனக்கு மெமோ கொடுத்தார்கள். சரிதான், திருடினேன். வேலையில் நான் செய்த உருப்படியான காரியம் அந்தத் திருட்டுதான்.

சப்-மாஜிஸ்திரேட் வயதானவர், காது கொஞ்சம் மந்தம். எங்கள் ஆபீஸ் கடிதத்தை வாசித்தார்கள். நான் எழுந்து, அது பொய் என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். "தபாலில் போட்டதே நான்தான்" என்றேன். என் குப்பிகளை மேஜையில் வைத்தேன். ஏட்டு பிடித்த குப்பிகளையும் கொண்டுவரச் சொன்னார். அவற்றுக்குள்ளும் சீட்டுகள் இருந்தன. அத்தனை நாளில் ஒருவரும் அவற்றை வாசிக்கவில்லை. மாஜிஸ்திரேட் ஒவ்வொரு குப்பியாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உரக்க வாசித்தார். ஒரே எழுத்து, ஒரே பெயர். "குடிக்கிறவனோ விற்கிறவனோ சாராயத்தில் எறும்பைப் போட்டு, அதில் ஊர் பேரும் எழுதி வைப்பானா?" என்று ஏட்டைப் பார்த்துக் கேட்டார். பாட்டிலில் மருந்து என்று எழுதியது யார் என்று என்னைக் கேட்டார். நான்தான் என்றேன். யார் சொல்லி என்றார். அதையும் சொன்னேன். மத்தியானத்துக்குள் வழக்குத் தள்ளுபடி ஆகிவிட்டது.

ஆபீசருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. வாய்வார்த்தைக்குச் சாட்சி ஏது? கீழ்நிலை ஊழியர் ஒருவர் தன்னிச்சையாகச் செய்த தவறு என்று கோப்பில் முடித்தார்கள். ஆராய்ச்சிக் கட்டுரை வெளியானது, பாராட்டப்பட்டது, அவருக்குப் பதவி உயர்வும் வந்தது. 'சேகரித்தவர்' என்ற இடத்தில் அவர் பெயரே இருந்தது. எனக்கு மெமோவோடு சேர்த்துத் தூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது. அது போகட்டும். நான் சம்பளம் வாங்கினவன்.

கோர்ட் வாசலில் பாஷாவின் கையைப் பிடித்தேன். அவர் விலக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. "சார், கோர்ட்ல சொன்னீங்க. தெருவுல யாருக்கும் அது கேக்கல. வெள்ளிக்கிழம பள்ளிவாசல் வாசலுக்கு வந்து ஒரு தபா சொல்லிடுங்க" என்றார். ஒன்றரை வருஷமாகத் தம்பி என்று கூப்பிட்ட மனிதர், அன்றைக்கு சார் என்றார்.

வெள்ளிக்கிழமை போனேன். தொழுகை முடிந்து வெளியே வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். நான் படியில் ஏறி நின்று சொன்னேன். இவர் என்னிடம் கேட்டார், இதில் சாராயம் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்று நான் பொய் சொன்னேன், இவருக்கு ஒன்றும் தெரியாது என்றேன். கோர்ட்டில் பேசுவதைவிட அது கஷ்டமாக இருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. பெரியவர் ஒருவர், தெரியாமல் தொட்டதில் அவர்மேல் பாவம் ஏது, ஏமாற்றியவன்மேல்தான் அது என்று எல்லார் முன்னிலும் சொன்னார். மோதியாருக்கு உடம்பு சரியில்லை, நாளையிலிருந்து பாஷாவே பாங்கு சொல்லட்டும் என்றும் சொன்னார். எல்லாரும் சரி என்றார்கள். என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மாற்றலுக்குப் புறப்படும் முன் சொல்லிக்கொள்ள அவர் கடைக்குப் போனேன். மதியம் தாண்டியிருந்தது. ஒரு பழைய மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொன்னார். பாங்கு சொல்லப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"கூப்புடறாங்க. நான்தான் போகல" என்றார். பிறகு திருகாணி ஒன்றைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "சார், ஒண்ணு கேக்கறேன். இப்பனாச்சும் நெசத்த சொல்லுங்க. அந்தத் தண்ணி இல்லாம எறும்ப கெடாம வெச்சிக்கவே முடியாதா?"

இந்த இடத்தை எழுதாமல் இதுவரை தள்ளிக்கொண்டே வந்தேன். இனித் தள்ள முடியாது.

"முடியும் பாய்" என்றேன். "சின்ன டப்பியில பஞ்சு வெச்சு, ஒரு அந்துருண்டை போட்டு வெச்சா போதும். வருஷக்கணக்குல இருக்கும்."

"அது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும். பயிற்சியிலயே சொல்லிக்குடுத்தாங்க."

"அப்ப ஏன் இது?"

"காஞ்ச எறும்ப அட்டையில ஒட்டறதுக்கு முன்னால ஈர மணல் மேல ஒரு நாள் வெச்சு மெதுவாக்கணும். காலு ஒடியாம பிரிக்கணும். வேலை ஜாஸ்தி."

"யாருக்கு?"

"எங்களுக்கு" என்றேன்.

அவர் மெஷின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அது நன்றாகத்தான் சுற்றியது. "அன்னிக்கு இத சொல்லியிருந்தா நான் பஞ்சுலயே வெச்சுக் குடுத்திருப்பேனே சார்" என்றார். பிறகு, "உள்ள இருந்தப்ப உங்க மேல எனக்குக் கோவமே வரல. பாவம், அவரும் இன்னா பண்ணுவாரு, வேற வழி இருந்திருக்காதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

அந்த நேரம் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது, வேறு யாரோ ஒருவரின் மெல்லிய குரல். பாஷா எழுந்து கடையின் பின்பக்கத் தொட்டிக்குப் போனார். தொழுகைக்கு முன் முழங்கை வரை மூன்று தடவை கழுவுவது அவர்கள் வழக்கம். அவரோடு ஒன்றரை வருஷம் பழகியவன், பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் மூன்றோடு நிறுத்தவில்லை. பாங்கு முடிந்தது. அப்போதும் கழுவிக்கொண்டிருந்தார். தொட்டியில் சொம்பு இடிக்கும் சத்தம் கேட்டது, தண்ணீர் தீர்ந்துவிட்டது.

ஈரக் கையோடு என்னைத் தாண்டிப் போகும்போது, "கடைய கொஞ்சம் பாத்துக்கங்க சார், வந்துடறேன்" என்றார். பூட்டாமல், பெட்டியைக்கூட மூடாமல், என்னை நம்பி விட்டுவிட்டுப் போனார். அவர் திரும்பி வரும்வரை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன்.